இரண்டு சூரியோதயங்களும் ஒரு கடலேரியும்

நூற்றாண்டு விழா ஏற்பாடுகள் தொடங்கியபோது நாம் ஒருவருக்கொருவர் அனுப்பிய செய்திகளில் எவரும் கிலோமீற்றர்க் கணக்கு எழுதவில்லை. "பத்தரை மணித்தியாலந்தானே, வந்திடுவன்" என்று மெல்பேணிலிருந்து ஒரு தோழி எழுதினாள். கொழும்புக்கும் மெல்பேணுக்கும் இடையே 8,300 கிலோமீற்றருக்கு மேல். நேரடி விமானத்தில் அது ஓர் இரவுப் பயணம்.

நம் பாட்டிமார் இக்கல்லூரியில் படித்த காலத்தில் நிலைமை வேறு. 1938 முதல் சிட்னியிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் பிரித்தானியாவை நோக்கி நீர்விமானங்கள் பறந்தன. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. அந்த வழி அறுந்தது. அதை மீண்டும் இணைக்க இலங்கை தேவைப்பட்டது.

1943இன் நடுப்பகுதியில் காலிக்கு அருகேயுள்ள கொக்கல வாவிக்கும் மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இடையே குவாண்டாஸ் நிறுவனம் கற்றலினா நீர்விமானச் சேவையைத் தொடங்கியது. தூரம் ஏறத்தாழ 5,600 கிலோமீற்றர். இடையில் இறங்க இடமில்லை. எரிபொருளே பெரும் பாரமானதால் ஆகக்கூடியது மூன்று பயணிகளும் 69 கிலோகிராம் தபாலுமே ஏற்றப்பட்டன. எதிரிக்குத் தெரியாதிருக்க வானொலித் தொடர்பைத் தவிர்த்து, விண்மீன்களைப் பார்த்தே திசை அறிந்தார்கள். விமானங்களுக்கும் ரைகல், வேகா, ஸ்பைக்கா என்று விண்மீன்களின் பெயர்களே. காற்றைப் பொறுத்து 27 முதல் 33 மணித்தியாலம் வரை ஆகும். ஒரே பயணத்தில் இருமுறை சூரியன் உதிப்பதைக் கண்டவர்களுக்கு 'இரட்டைச் சூரியோதய இரகசிய அணி' என்ற பெயரில் சான்றிதழும் வழங்கப்பட்டது. 1945 யூலை வரை 271 தடவை கடலைக் கடந்தும் ஒரு விமானமேனும் இழக்கப்படவில்லை.

இந்த வரலாற்றை வாசிக்கையில் நம் தலைமுறைக்கு வேறொரு தூரம் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். 1956 முதல் யாழ்தேவி அதனை ஒரு பகலில் கடந்தது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதமும் நின்றது, பாதையும் அடைபட்டது. நம் அக்காமார் கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்தார்கள். 1996இற்குப் பின் நாம் அனுமதிப் பத்திரத்துக்காக வரிசையில் நின்று, காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பலேறினோம். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் கையிலிருந்தும், போய்ச்சேரும் நாள் எதுவென்று எவராலும் சொல்ல முடியவில்லை. "அம்மாவுக்குக் கடுமை" என்ற செய்தி கிடைத்துப் புறப்பட்டவர்களில் சிலர் எட்டுச் சடங்குக்கும் வந்து சேரவில்லை. அதே நாட்களில் இலண்டனிலிருந்து கொழும்புக்கு அரை நாளில் வந்துவிடலாம். கொழும்பிலிருந்து வீட்டுக்குத்தான் வழியில்லை.

தூரத்தை நிலம் வகுக்கிறது. நேரத்தை இயந்திரம் குறைக்கிறது, போர் கூட்டுகிறது. இதனை நாம் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை.

கொக்கலப் பயணங்கள் எண்ணப்பட்டுள்ளன. அவற்றின் மணித்தியாலங்களும் குறிக்கப்பட்டுள்ளன. கிளாலியைக் கடந்த நம் மாணவிகளின் பயணங்களுக்கு அப்படியொரு பதிவேடு இல்லை. உலகெங்கும் வாழும் சகோதரிகளே, புறப்பட்ட நாள், கூட வந்தவர், கையில் கொண்டுபோன பொருள், போய்ச்சேர்ந்த நாள் என்று நான்கு வரியாவது எழுதிச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். நினைவிருப்பவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அதைச் செய்வோம்.