வாசலில் பார்த்த காய்ச்சல்



கொவிட் காலத்தில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வெப்பக் கமெரா வைத்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அதன் வரலாறு நீளமானது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை 1800இல் கண்டறிந்தவர் வில்லியம் ஹெர்ஷல். அதைப் படமாக்கும் கமெராக்களை வளர்த்தெடுத்தது இராணுவம். 2003இல் சார்ஸ் பரவியபோது சிங்கப்பூர் அதைக் காய்ச்சல் பார்க்கத் திருப்பியது.

வாசலில் நிறுத்தி நோய் பார்ப்பது மலையகத்துக்குப் புதிதல்ல. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் பலர் வாந்திபேதியாலும் அம்மையாலும் வழியிலேயே மாண்டார்கள். பின்னாளில் வந்தவர்களை மண்டபம் முகாமில் தடுத்து வைத்துச் சோதித்த பிறகே கப்பலேற்றினார்கள். நோய் தீவுக்குள் வரக்கூடாது என்பதே அங்கே முதல் கவலை. தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென்று தனிச் சட்டம் வந்தது 1872இல். அதற்குள் பெருந்தோட்டக் கோப்பி தொடங்கி நாற்பது வருடம் அளவில் ஆகியிருந்தது.

வாசலில் இந்தக் கமெராவை முழுதாக நம்பவும் முடியாது. அது தோலின் சூட்டை மட்டுமே காணும். நுவரெலியாத் தூறலில் நடந்து வந்தவரின் நெற்றி காய்ச்சலிலும் குளிர்ந்திருக்கும். பனடோல் போட்டவர் தப்பிவிடுவார்.

கட்டிலருகே கதை வேறு. கிருமித் தொற்று முற்றி, அதை எதிர்க்கும் உடலே தன் உறுப்புகளைச் சிதைக்கும் நிலையை செப்சிஸ் என்பார்கள். அது அதிர்ச்சி நிலைக்குப் போகும்போது, உயிர் காக்கும் உறுப்புகளுக்காக இரத்தம் கைகால்களிலிருந்து உள்ளிழுக்கப்படலாம். வயிறு சுடும், பாதம் சில்லிடும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சிறுவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் எடுத்த வெப்பப் படங்களில் இந்த வித்தியாசத்தை அளந்து, அதிர்ச்சி நிலையைச் சில மணி நேரம் முன்பே கணிக்க முயன்ற ஆய்வு 2019இல் வெளியானது. இரத்தப் பரிசோதனைக்கும் வைத்தியருக்கும் அது மாற்றல்ல, முன்கூட்டிய எச்சரிக்கை.

காய்ச்சல்களைப் பற்றி இப்னு சீனா ‘அல்கானூன்’ நூலில் ஒரு பெரும் பகுதியே எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாத நம் உம்மம்மாவும் லயத்து அம்மாயியும் பிள்ளையின் நெற்றியைத் தொட்ட கையால் உள்ளங்காலையும் தொட்டுப் பார்த்தார்கள். கமெரா அந்தக் கையின் வேலையைத்தான் செய்கிறது.

டிக்கோயாவில் 2017இல் 150 கட்டில்களோடு புதிய வைத்தியசாலை திறக்கப்பட்டது. ஆனால் மேட்டு லயத்திலிருந்து வைத்தியசாலைக்கு இறங்கும் பாதை பல தோட்டங்களில் இன்னும் கல்லும் சேறும்தான். எப்போது கிளம்ப வேண்டும் என்று தெரிவதே இங்கே பாதி வைத்தியம். ஆகவே, வாசலுக்கு வாங்கிய கருவி போல ஒன்று தோட்ட மருந்தகத்தின் கட்டிலருகேயும் வர வேண்டும் என்று நாம் கேட்பது நியாயமே.

அதுவரை நம் கை இருக்கிறது. காய்ச்சல்காரப் பிள்ளையின் கைகால் சில்லிட்டால், மயங்கிச் சோர்ந்தால், சிறுநீர் குறைந்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள்.