உலைக்கலன் எஃகில் நியூட்ரான் நொறுங்கல்

அணு உலையின் அழுத்தக் கலனை ஆண்டுக்கணக்கில் நியூட்ரான்கள் தாக்கும்போது, அதன் எஃகு மெல்ல மெல்ல நெகிழ்ந்துகொடுக்கும் குணத்தை இழக்கிறது. விரிசல் ஒன்று விழுந்தால் சட்டென முறியக்கூடிய இந்த நிலையே நியூட்ரான் நொறுங்கல். பம்பையோ நீராவியாக்கியையோ மாற்றிவிடலாம். கலனை மாற்றும் வழக்கம் இல்லை. எனவே இத்தகைய உலையின் ஆயுள் பெரும்பாலும் இந்த எஃகின் கையில்தான் இருக்கிறது.

எல்லா உலைகளுக்கும் இக்கவலை இல்லை. பாங்கியில் 1982 முதல் இயங்கும் மலேசியாவின் ஒரே உலை 1 மெகாவாட் ஆய்வு உலை. திறந்த நீர்த்தொட்டிக்குள் இருப்பது. கல்பாக்கத்தின் கனநீர் மின் உலைகளில் அழுத்தத்தைத் தாங்குபவை சிர்கோனியக் கலவைக் குழாய்கள். அவற்றை மாற்ற முடியும். தமிழ்நாட்டில் இக்கேள்வி முழுமையாக எழும் இடம் கூடங்குளம். 2013இலும் 2016இலும் தொடர்வினை தொடங்கிய அதன் முதலிரு உலைகளும் ரஷ்ய விவிஇஆர்-1000 வகையைச் சேர்ந்தவை. எரிபொருளுக்கு எதிரேயுள்ள கலன் சுவர் சுமார் 19 சென்டிமீட்டர் தடிப்பு. 300 பாகைக்கு மேல் சூடேறும் நீரை, வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ 155 மடங்கு அழுத்தத்தில் அது அடக்கிவைத்திருக்கிறது.

வேக நியூட்ரான் ஒன்று இரும்பு அணுவை இடித்துத் தள்ள, அது அடுத்தடுத்த அணுக்களை இடம்பெயர்க்கிறது. பெரும்பாலானவை நொடிக்குள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். எஞ்சும் வெற்றிடங்கள் வழியாகச் செம்பு, நிக்கல், மாங்கனீசு அணுக்கள் நகர்ந்து, ஒன்றிரண்டு நானோமீட்டர் அளவில் திரள்கின்றன. பாஸ்பரசோ, எஃகின் படிக மணிகளுக்கு இடையேயான எல்லைகளில் ஒதுங்குகிறது. இத்திரள்கள் எஃகை இறுக்குகின்றன. எஃகு வலுவேறியதுபோல் தெரியும், ஆனால் விரிசலைத் தாங்கும் திறன் குறைந்திருக்கும். விவிஇஆர்-1000 கலன்களில் அதிகம் கவனிக்க வேண்டியவை நிக்கல் மிகுந்த பற்றவைப்புகள்.

இந்த மாற்றத்தை அளக்க, அதே எஃகில் செய்த மாதிரித் துண்டுகளை உலைக்குள்ளேயே வைத்து, குறித்த இடைவெளிகளில் எடுத்துச் சோதிக்கிறார்கள். துண்டின் நீளம் 55 மில்லிமீட்டர், குறுக்களவு 10 மில்லிமீட்டர். நடுவே 2 மில்லிமீட்டர் ஆழ வெட்டு. ஊசல் சுத்தியல் ஒன்று அதை அடித்து முறிக்கும். நல்ல எஃகின் முறிமுகம் நார்நாராக, மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும். நொறுங்கிய எஃகில் சின்னச் சின்னத் தட்டையான முகங்கள் மினுங்கும். குளிரில் நொறுங்கும் தன்மையிலிருந்து சூட்டில் நெகிழும் தன்மைக்கு எஃகு மாறும் வெப்பநிலை, கதிர்வீச்சு கூடக்கூட மேலேறுகிறது.

உலை இயல்பாக ஓடும் வெப்பத்தில் இதனால் ஆபத்து இல்லை. விபத்து நேரத்தில் குளிர்நீர் பாய்ந்து, அழுத்தம் தணியாமலேயே சுவர் திடீரெனக் குளிரும் கட்டமே அபாயமானது. அதனால்தான் பல உலைகளில் அவசரக் குளிர்விப்பு நீரை முன்கூட்டியே சூடாக்கிவைக்கிறார்கள். எரிந்து தேய்ந்த எரிபொருளை ஓரங்களில் அடுக்கி, சுவரை எட்டும் நியூட்ரான்களைக் குறைப்பதும் உண்டு.

ஏற்கெனவே நேர்ந்த சேதத்தைப் போக்கும் வழி, கலனை வெறுமையாக்கிப் பல நாள் சூடேற்றிப் பதப்படுத்துவது. ரஷ்யாவின் நோவோவரோனெஷ் 3ஆம் உலையில் 1987இலும், பின்லாந்தின் லோவிசா 1ஆம் உலையில் 1996இலும் இது செய்யப்பட்டது. கூடங்குளம் வகைக் கலனுக்கு முதன்முதலில் 2018இல் ரஷ்யாவின் பலகோவோவில் செய்தார்கள். பதப்படுத்திய எஃகும் மறுபடி கதிர்வீச்சுக்கு ஆளாவதால், மாதிரித் துண்டுச் சோதனை அதன்பின்னும் தொடர வேண்டும்.