மலைநாட்டின் செய்திப் பாதைகள்

மலைநாட்டின் வரலாற்றை மன்னர் வரலாறாகவும் தோட்ட வரலாறாகவும் எழுதியோர் பலர். அதனைப் பாதைகளின் வரலாறாகவும் எழுதுதல் கூடும். கண்டி இராச்சியம் நெடுங்காலம் அந்நியர்க்கு அடங்காது நின்றமைக்கு, பெரும்படை நடத்தற்கேற்ற பாதை அங்கு இன்மையும் ஒரு காரணமாகும். 1815ஆம் ஆண்டு அவ்விராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர், கொழும்பையும் கண்டியையும் வீதியால் இணைக்கும் பணியில் அவர்கள் முனைந்தனர். கடுகண்ணாவைக் கணவாயிலே பாறையைத் துளைத்து ஏறிய அவ்வீதியில் 1832ஆம் ஆண்டு தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று.

அக்காலத்தில் செய்தி குதிரையின் வேகத்தைக் கடந்து செல்லவில்லை. காலித் துறைமுகத்தில் வந்திறங்கும் செய்திகளைக் கொழும்புக்கு விரைந்து கொணர, 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகை புறாக்களைப் பயன்படுத்திற்று. 1858ஆம் ஆண்டு கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக் கம்பி இழுக்கப்பட்டதும் புறாவின் பணி முடிவெய்தியது. 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. 1896இல் கொழும்பில் தொலைபேசி நிலையம் அமைந்தது. இவ்வாறு உலோகக் கம்பியே ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் செய்தியின் பாதையாய் நிலவியது.

கம்பிக்குச் சில குறைகள் உண்டு. தொலைவு கூடக் கூட அதிற் செல்லும் மின்குறி தேய்ந்து போகும். இடி மின்னல் அதனைத் தாக்கும். செம்புக்குச் சந்தையில் விலையுண்டாகையால் கள்வரும் அதனை நாடுவர். ஆகவே நெடுந்தொலைவுக்கு நுண்ணலைக் கோபுரங்கள் பயன்பட்டன. ஆயின் நுண்ணலை நேர்கோட்டிற் செல்வது; ஒரு கோபுரத்தை மற்றொரு கோபுரம் காணவேண்டும். மலையும் பள்ளத்தாக்குமான கண்டிப் பிரதேசத்தில் இது எளிதன்று. செய்மதியோ நிலநடுக்கோட்டின் மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் உள்ளது. அங்குச் சென்று திரும்பச் செய்திக்குக் கால் செக்கன் வேண்டும். உரையாடலின் இடையே அத்தாமதம் நன்கு புலப்படும்.

இந்நிலையிலேதான் கணினிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. 1990ஆம் ஆண்டளவில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ முதலியோரின் முயற்சியால் கல்வியாளருக்கென மின்னஞ்சற் சேவையொன்று தோன்றிற்று. கடிதங்கள் ஒரு கட்டாகச் சேர்க்கப்பட்டுத் தொலைபேசி அழைப்பின் வழியே வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டன. பழைய தபாற் பையின் முறையே அது! அம்முயற்சி வளர்ந்து இலங்கைக் கல்வி ஆய்வு வலையமைப்பாயிற்று. கொழும்பு, மொறட்டுவை, பேராதனை முதலிய இடங்களிலுள்ள உயர்கல்வி நிலையங்களை இணைக்கும் பரந்த பரப்பு வலையமைப்பு அது.

அக்காலத்தில் செக்கனுக்கு 64,000 பிட்டு கடத்தும் இணைப்பே பெரும்பேறாகக் கருதப்பட்டது. ஐந்து மெகாபைற்று அளவுள்ள ஒரு நூலை அதன் வழியே பெறப் பத்து நிமிடம் வேண்டும். செக்கனுக்கு நூறு மெகாபிட்டு கடத்தும் ஒளியிழையில் அதே நூல் அரைச் செக்கனுள் வந்து சேரும்.

ஒளியிழை என்பது மயிரிழை போன்ற தூய கண்ணாடி. அதனுட் புகுந்த ஒளி, முழு அகத்தெறிப்பினால் வெளியேறாது இழையின் வழியே செல்கிறது. பஞ்சாபிற் பிறந்த நரிந்தர் கபானி இத்துறைக்கு அடிகோலியோருள் ஒருவர். கண்ணாடியின் மாசினை நீக்கினால் ஒளி நெடுந்தொலைவு செல்லும் என 1966இல் சார்ள்ஸ் காவோ காட்டினார். 2009இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. 1994இல் கடலடி ஒளியிழை வடம் கொழும்பை உலகோடு இணைத்தது. உள்நாட்டிலும் நுண்ணலைக்கும் செம்புக்கும் பதிலாக இழை படிப்படியாகப் பரவிற்று.

பழைய இணைப்பிலிருந்து புதிய இணைப்புக்கு மாறுதல் ஒரே இரவில் முடியும் கருமமன்று. முதலிற் புதிய இழையைப் பழைய இணைப்பின் பக்கத்திலேயே இயக்கிச் சோதிப்பர். பின்னர் ஒவ்வொரு நிலையமாகப் போக்குவரத்தை அதன்பாற் திருப்புவர். பிழை நேரின் திரும்பிச் செல்ல வழி வேண்டுமாகையால், பழையதை உடனே அகற்றார். மலைநாட்டில் இவ்வெச்சரிக்கை பெரிதும் வேண்டற்பாலது. வீதியோரமாகச் செல்லும் இழை, வீதி சரியும்போது தானும் அறும். 2025 நவம்பரில் டிட்வா சூறாவளி கண்டி மாவட்டத்தில் விளைத்த மண்சரிவுகளை மக்கள் மறவார். ஒரே பாதையை நம்பாது, வேறு திசையால் வரும் இரண்டாம் பாதையையும் வைத்திருத்தலே அறிவுடைமை.

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில் உள்ளது திகன. விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டபோது அதன் அயலிலுள்ள பழைய தெல்தெனிய நகர் நீருள் மறைந்தது. அயலூர்களின் முகமும் மாறிற்று. 2018 மார்ச்சில் திகனவிலும் சுற்றூர்களிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன; உயிரிழப்பும் நேர்ந்தது. வெறுப்புச் சொற்கள் சமூக ஊடகங்களில் விரைந்து பரவியமையால் அரசாங்கம் ஏறத்தாழ ஒரு வாரம் அவற்றைத் தடைசெய்தது. அவ்வன்செயலில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காக 2020இல் பேஸ்புக் நிறுவனம் வருத்தந் தெரிவித்தது.

பாதை தன்மேற் செல்வது நெல்வண்டியா, நெருப்பா என்று வினவுவதில்லை. கொழும்பிலிருந்து கண்டிக்கு இழையின் வழியே ஒளி செல்ல ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேண்டா. வதந்தியும் அதே வேகத்திற் செல்லும்; அதனை ஆராய்ந்து மறுக்கும் மனிதனுக்கோ பொழுது வேண்டும்.

அதற்காகப் பாதையை மூடிவிடல் தீர்வாகாது. பெருந்தொற்றின்போது 2021இல் ஊவா மாகாணத்துக் கிராமமொன்றின் மாணாக்கர், பாடம் பெறும்பொருட்டுக் காட்டுவழியே நடந்து பாறையுச்சியில் ஏறி அலைவரிசை தேடினர். அப்பிள்ளைகளுக்கு இழை கிடையாமையும் ஓர் அநீதியே. ஆகவே மலைநாடு இரண்டு பணிகளை ஒருங்கே செய்தல் வேண்டும். கண்ணாடி இழையைக் கடைசிக் கிராமத்துப் பாடசாலை வரை கொண்டுசெல்லல் ஒன்று. அவ்விழையின் வழியே வருஞ் செய்தியை எவர் சொன்னார், எதற்காகச் சொன்னார் எனச் சீர்தூக்கும் பழக்கத்தை அப்பாடசாலையிலேயே பயிற்றல் மற்றொன்று. முன்னையதைப் பொறியியலாளர் செய்து முடிப்பர். பின்னையது ஆசிரியரும் பெற்றோரும் நாள்தோறும் செய்யவேண்டிய பணியாகும்.