“அவையளுக்கு வீடு இல்லையோ, டீச்சர்?”

கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஏ9 வீதிக்கரையில் மர நிழலில் ஒரு பச்சை வான் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, தண்ணீர்க் கலன், கொடியில் காயப்போட்ட துவாய். வெளிநாட்டுக் கணவனும் மனைவியும் பக்கத்தில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். நின்று கதைத்தேன். சொந்த ஊரில் வீட்டை விற்றுவிட்டு, நாடு நாடாக இப்படி வாகனத்திலேயே வாழ்கிறார்களாம்.

என்னோடு வந்த தரம் 9 பிள்ளை மெதுவாகக் கேட்டாள்: “அவையளுக்கு வீடு இல்லையோ, டீச்சர்?”

அவளுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். வகுப்பில் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

இந்த வாழ்க்கை மேற்கு நாடுகளில் எப்போது தொடங்கியது? பிரித்தானியக் கடற்படையில் வைத்தியராக இருந்து ஓய்வுபெற்ற கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் 1885இல் தனக்கென்று ஒரு வண்டி வீடு செய்வித்தார். பெயர் ‘வாண்டரர்’, அதாவது அலைபவன். இரண்டு குதிரைகள் இழுத்தன. கூடவே ஒரு வேலையாள், ஒரு வண்டியோட்டி, ஒரு நாய், ஒரு கிளி. அதில் இங்கிலாந்திலிருந்து ஸ்கொட்லாந்து வரை போய்வந்து புத்தகமும் எழுதினார். உல்லாசத்துக்கென்றே செய்த முதல் வண்டி வீடு என்று அதைச் சொல்வார்கள். பிறகு மோட்டார் வந்தது. 1950களில் ஜேர்மனியின் ஃபொக்ஸ்வாகன் வான்களுக்குள் கட்டிலும் அலுமாரியும் பொருத்தி விற்றார்கள். நாங்கள் கண்ட பச்சை வான் அந்த வழியில் வந்தது.

ஆனால் ஸ்டேபிள்ஸ் அந்த யோசனையைப் பெற்றது ரோமா மக்களிடமிருந்து. ஐரோப்பாவில் பல ஊர்களில் தங்கவிடாமல் துரத்தப்பட்ட மக்கள் அவர்கள். அவர்களுக்கு வண்டி உல்லாசம் அல்ல. ஒரே மாதிரியான வண்டிதான். ஒருவர் ஆசைப்பட்டு ஏறினார், மற்றவர்கள் இறங்க இடமில்லாமல் இருந்தார்கள்.

எங்கள் தமிழிலும் சக்கர வீடு உண்டு. சங்க காலத்து உமணர், அதாவது உப்பு வணிகர், கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு மாட்டு வண்டி வரிசையில் போனார்கள். குடும்பமும் கூடவே போனது. பெரும்பாணாற்றுப்படையில் அந்த வண்டியைப் பாருங்கள்: கோழிக்கூடு உண்டு, காடிப் பானை தொங்குகிறது, பிள்ளையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டிப் போகிறாள். புறநானூற்றில் ஔவையார், உமணர் வண்டியின் அடியில் கட்டிவைத்த சேம அச்சைச் சொல்கிறார். வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கு. இன்றைய ஸ்பெயார் சில்லுக்கு அதுதான் மூத்தது! வகுப்பில் பையன்கள் சிரித்துவிட்டார்கள்.

இனி எங்கள் வீதிக்கு வருவோம். 1905இல் ரயில் பாதை முழுதாகத் திறக்கும்வரை யாழ்ப்பாணத்திலிருந்து தரைவழியாகத் தெற்கே போனவர்கள் இந்த வன்னிக் காட்டுக்குள்ளால் மாட்டு வண்டியில்தான் போனார்கள். ரயில் வந்த பிறகும் வண்டிப் பயணம் நிற்கவில்லை. மடு ஆவணித் திருவிழாவுக்கும் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் அரிசி, சட்டி பானை, பாய் எல்லாம் ஏற்றிக் குடும்பம் குடும்பமாகப் போய், அங்கேயே சமைத்து, வண்டிக்குக் கீழே படுத்துத் திரும்பினார்கள். பிறகு மாட்டின் இடத்துக்கு உழவு இயந்திரம் வந்தது. பெட்டிக்கு மேலே தறப்பாள் கட்டினால் அது நாலு நாள் வீடு. அது சந்தோசமான பயணம். திரும்பி வர வீடு இருந்தது.

அதே உழவு இயந்திரப் பெட்டி பிறகு எங்களுக்கு வேறு எதுவாக மாறியது என்பதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகள் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்குத் தெரியாது. அதனால் திகதிகளைக் கரும்பலகையில் எழுதினேன்.

1990 ஒக்டோபர் 30: யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வெளியேற இரண்டு மணித்தியாலம் கொடுக்கப்பட்டது. அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். என் உம்மாவும் வாப்பாவும் அவர்களில் இருவர். நான் பிறந்தது புத்தளத்தில் ஓர் ஓலைக் கொட்டிலில்.

1995 ஒக்டோபர் 30: அதே திகதி, ஐந்து வருடம் கழித்து. வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தார்கள். பலர் பிறகு கிளாலிக் கடல் கடந்து வன்னிக்கு வந்தார்கள்.

1997 மே 13: ஏ9 வீதியைப் பிடிப்பதற்கான ஜயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கியது. எங்கள் கனகராயன்குளமும் சுற்றுக் கிராமங்களும் இடம்பெயர்ந்தன. 2008இல் மீண்டும்.

2008இல்தான் உழவு இயந்திரப் பெட்டி மாதக்கணக்கில் வீடானது. கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, கடைசியில் முள்ளிவாய்க்கால். கேள்வி கேட்ட பிள்ளையின் அம்மம்மாவிடம் கேட்டேன், பெட்டியில் என்ன ஏற்றினீர்கள் என்று. “கூரைத் தகரம், கதவு, நிலை, ரெண்டு மூட்டை நெல்லு, கோழியள்” என்றார். மழைக்குப் பெட்டிக்கு மேலே தறப்பாள், செல்லுக்குப் பயந்து பெட்டிக்குக் கீழே படுக்கை. ஒவ்வோர் இடத்திலும் இறக்கி, கொட்டில் போட்டு, மறுபடி ஏற்றி. ஒவ்வொரு முறையும் ஏற்றுவது குறைந்தது. தகரம் போனது, நெல்லு போனது, கடைசியில் உழவு இயந்திரமும் போனது. 2009இல் வவுனியா முகாம்களுக்குள் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தபோது, பலரிடம் கையில் ஒரு பைதான் இருந்தது.

இரண்டு துயரத்தையும் தராசில் வைத்துப் பார்க்க இதை எழுதவில்லை. என் உம்மா வெளியேறியதை இந்த ஊர்ப் பிள்ளைகள் அறிய வேண்டும். இவர்களுடைய அம்மம்மா பட்டதை என் பிள்ளைகளும் அறிய வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் அது வரலாறு அல்ல.

சரி, அந்தப் பிள்ளையின் கேள்வி. எங்கள் மார்க்கத்தில் பிரயாணி தொழுகையைச் சுருக்கித் தொழலாம். ஆனால் ஹன்பலி மத்ஹபில் ஒரு விதி உண்டு: வேறு வீடு இல்லாமல், குடும்பத்தோடு கப்பலிலேயே வாழும் மாலுமி சுருக்க முடியாது, முழுதாகத் தொழ வேண்டும். ஏனென்றால் அவர் பிரயாணத்தில் இல்லை. கப்பல்தான் அவருடைய வீடு. அந்தக் கணக்கில், பச்சை வானில் வந்தவர்களுக்கு வீடு இருக்கிறது. அவர்கள் அதற்குள்ளேயே இருக்கிறார்கள்.

ஆனால் கதவையும் நிலையையும் கழற்றிப் பெட்டியில் ஏற்றியவர் வாகனத்தில் வாழப் புறப்பட்டவர் அல்ல. போகும் இடத்தில் அந்த நிலையை நட்டு, அந்தக் கதவைப் பூட்டிப் படுக்க நினைத்தவர். பச்சை வானுக்குள் கதவு ஏற்றி வரவில்லை, தேவையும் இல்லை. என் உம்மாவுக்குக் கதவு கொண்டுவர வாகனமும் இல்லை, நேரமும் இல்லை. திறப்பு மட்டும் கொண்டுவந்தார்.

இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொன்னேன்: வாகனத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அவர்கள் எதை ஏற்றினார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள், விரும்பினால் இறங்க முடியுமா என்று கேளுங்கள்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பெட்டியில் என்ன ஏற்றினீர்கள், எந்த ஊரில் எதை இறக்கி விட்டுவிட்டு வந்தீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கஷ்டமாக இருந்தால் கோழியிலிருந்து தொடங்குங்கள். அந்த அம்மம்மாவும் அப்படித்தான் தொடங்கினார். பேத்தி அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டாளாம்.

திகதிகளில் பிழை கண்டால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்