சுவருக்கும் காது உண்டு!

“சுவருக்கும் காது உண்டு” என்ற பழமொழியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது சொல்லுக்குச் சொல் மெய்யான கட்டடம் ஒன்று மாஸ்கோவில் இருக்கிறது. அதுதான் அங்குள்ள அமெரிக்கத் தூதரகம்.

தூதரகம் இருக்கும் நிலம் அயல்நாட்டு மண் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. நிலம், அது அமைந்துள்ள நாட்டுக்கே உரியது. ஆனால், 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி, தூதரின் இசைவின்றி அந்நாட்டுக் காவலர்கூட உள்ளே நுழையக் கூடாது. பேச்சுவார்த்தை நடத்துவதும், நிலைமையை ஆராய்ந்து தம் அரசுக்கு எழுதுவதும் தூதரின் கடமைகள். இவற்றுக்கு இரகசியம் இன்றியமையாதது.

சட்டம் வாயிலைக் காக்கும், சுவரைக் காக்குமா?

1979இல் இத்தூதரகத்திற்குப் புதிய கட்டடம் எழும்பத் தொடங்கியது. தூண்களையும் பாளங்களையும் வேறிடத்தில் காங்கிரீட்டில் வார்த்து, இறுகிய பின் கொண்டுவந்து பொருத்தும் முறை கையாளப்பட்டது. இதனால் காலம் மிச்சமாகும். ஆனால், வார்க்கும்போது அருகில் நிற்பவருக்கே உள்ளே வைத்தது என்னவென்று தெரியும். வார்த்தவர்கள் சோவியத் தொழிலாளர்கள். அங்கு அமெரிக்கர் மேற்பார்வை இல்லை.

பின்னர் எக்ஸ் கதிர்களால் சோதித்தபோது, ஒட்டுக்கேட்கும் கருவிகள் கட்டடத்தின் உடலிலேயே புதைந்திருப்பது தெரிந்தது. காங்கிரீட்டினுள் எஃகுக் கம்பிகள் இருப்பது இயல்பு. அவற்றிடையே கம்பி எது, காது எது என்று எப்படிப் பிரித்தறிவது? 1985இல் வேலை நின்றது.

1991 டிசம்பரில் வியப்பான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. சோவியத் உளவுத்துறைத் தலைவர் வாதிம் பகாதின், அக்கருவிகளின் வரைபடங்களை அமெரிக்கத் தூதர் இராபர்ட் ஸ்டிராஸிடம் தாமே கொடுத்தார். ஆயினும் ஐயம் தீரவில்லை. மேல் இரு தளங்களையும் இடித்துவிட்டு, அமெரிக்கப் பொருள்களைக் கொண்டு அமெரிக்கத் தொழிலாளர்களே நான்கு தளங்களைக் கட்டினர். 2000ஆம் ஆண்டில்தான் பணி முடிந்தது.

ஒரு தரப்பை மட்டும் பழிக்க வேண்டாம். வாஷிங்டனிலுள்ள சோவியத் தூதரகத்தின் அடியில் அமெரிக்கர் சுரங்கம் தோண்டியதாக 2001இல் நாளேடுகள் எழுதின.

ஒரு கட்டடம் முடிய இருபது ஆண்டுகளுக்கு மேலானது. பொறியியல் அறிவு குறைந்ததால் அன்று, நம்பிக்கை குறைந்ததால்தான். இனி ஏதேனும் ஒரு தூதரகத்தைக் கடந்து செல்லும்போது, அதன் சுவரை வார்த்த கைகள் யாருடையவை என்று எண்ணிப் பாருங்கள்!