பெரிபெரியும் புழுங்கல் அரிசியும்

சிங்களத்தில் "பெரி" என்றால் ஏலாது. வத்தேகமயில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கால் சோர்ந்து ஆளைச் சாய்த்த பெரிபெரி நோய்க்கு அந்தச் சொல்லே பெயரானதாகச் சொல்வார்கள்.

மலாயாவில் தீட்டிய பச்சை அரிசி தின்ற சீனத் தொழிலாளர் அதில் செத்தார்கள். புழுங்கல் அரிசி தின்ற தமிழர் தப்பினார்கள். 1905இல் டாக்டர் பிளெச்சர், கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் இரண்டு அரிசியையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார். பச்சை அரிசிப் பக்கம் 18 பேர் மௌத்தானார்கள். வாயில்லாதவர்களை வைத்துச் செய்த சோதனை, எனக்கு நெருடல்தான்.

"விற்றமின்" என்ற பெயரே 1912இல்தான் வந்தது. தவிட்டிலுள்ள பி1, நெல்லை அவிக்கும்போது அரிசிக்குள் இறங்கும். ஏ, டி, ஈ, கே கொழுப்பில் கரையும். பி வகைகளும் சியும் நீரில். பச்சை அரிசியை நாலு தண்ணீர் கழுவி, கஞ்சியையும் வடித்து ஊற்றும் வீடுகள் நம் ஊரில் எத்தனை? பிள்ளைகளின் பி1 அதோடு போகிறது.