மலையேறிய மதுரை நாளிதழ்

கொடைக்கானல் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1845-ல் குடியேறிய அமெரிக்க மிஷனரிகளையும், 1863-ல் லெவிஞ்ச் துரை உருவாக்கிய ஏரியையும், 1899-ல் அமைந்த வானாய்வகத்தையும் தவறாமல் சொல்லிவிடுகிறார்கள். 1942 நவம்பர் 1-ஆம் தேதி மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய ‘தந்தி’, அதாவது இன்றைய தினத்தந்தி, அந்தப் பட்டியலில் வருவதில்லை. வர வேண்டும் என்பது என் கட்சி. நாளிதழ் ஒரே நாளில் வாடிவிடும் சரக்கு. எங்கே அச்சாகிறது என்பதை வைத்தே யார் கைக்குப் போகும் என்பது முடிவாகிறது. சென்னையின் சுதேசமித்திரனும் 1934-ல் பிறந்த தினமணியும் அப்போது தெற்கே வர ஓர் இரவு ரயிலில் கழிய வேண்டியிருந்தது. கொடைரோட்டில் இறங்கிய கட்டு, பிறகு வத்தலக்குண்டு வழியாக ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. மதுரையில் இரவு அச்சாகும் தாளுக்கு மொத்தத் தொலைவே சுமார் 120 கிலோமீட்டர்தான். மலைக்கு மோட்டார் பாதையும் 1916 முதலே இருந்தது. சிங்கப்பூரில் பாரிஸ்டர் தொழில் நடத்தித் திரும்பிய ஆதித்தனார் தலைநகரை விட்டு மதுரையில் கடை விரித்ததன் பலன் இங்கேதான் தெரிகிறது. அதுவும் போர்க்காலக் காகிதப் பஞ்சத்தில், வைக்கோல் கூழில் கையால் காகிதம் செய்து!

கொடைக்கானல் வெள்ளைக்காரர் ஊர், அங்கே ஆங்கிலப் பத்திரிகை போதாதா என்று கேட்கலாம். பங்களாக்காரர்கள் சீசன் முடிந்ததும் இறங்கிவிடுவார்கள். ஆண்டு முழுதும் மலையில் இருந்தவர்கள் பூம்பாறையில் பூண்டு போட்டவர்களும் தாண்டிக்குடியில் காப்பி பறித்தவர்களும்தான். 1951 கணக்கெடுப்பின்போதுகூடத் தமிழகத்தில் ஐந்தில் ஒருவருக்கே எழுத்து தெரியும். கொட்டை எழுத்துத் தலைப்பு, சின்னச் சின்ன வாக்கியம், பேச்சுக்கு நெருங்கிய தமிழ் என்று ஆதித்தனார் வகுத்த முறை, டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்பதற்கு வாகானது. கொலை, கொள்ளை, கோர்ட்டுச் செய்திதானே அதில் அதிகம் என்ற குறை பழையது, பொய்யும் அல்ல. ஆனால் போலீஸ் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் அலைகிற ஏழையின் பெயர் அதற்குமுன் எந்தத் தாளில் வந்தது? பரபரப்புக்காகவே அச்சிட்டிருந்தாலும், அந்தப் பக்கங்களில்தான் சாமானியனின் ஊரும் தொழிலும் வழக்கும் பதிவாகியிருக்கின்றன. கொடைக்கானல் அமைந்த பழனி மலைத்தொடருக்கு இனி வரலாறு எழுதப் புகுவோர், மிஷன் அறிக்கைகளோடு நின்றுவிடாமல் மதுரைப் பதிப்பின் பழைய தாள்களையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.